மல்லாந்த நிலையில் ஆறு படங்கள்

எங்கள் ஸ்கேன் அக்காவிடம் வயிற்றைக் காட்டிய யாரும் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. "கொஞ்சம் இடது பக்கமா திரும்புங்க. இப்ப வலது பக்கம். எழுந்து உக்காருங்க. மறுபடி படுங்க." இப்படியே கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு எல்லாம் கதவு வழியாகக் கேட்கும். உள்ளே ஸ்கேன் எடுக்கிறாங்களா, உடற்பயிற்சி சொல்லித் தர்றாங்களா என்று என்னிடம் வந்து கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் பக்கத்து மேஜை நர்ஸ். பன்னிரண்டு வருடமாக அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருக்கிறது; ஸ்கேன் கட்டில் மட்டும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை ஒளித்துவைக்கவும் தெரியாது. அக்காவுக்குக் கோபமே வராது. ஆகவே அவள் பட வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு வேறொரு வியாதி. எதையும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். மருந்து பாட்டில் கையில் கிடைத்தால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், பிறகு தலைகீழாகக் கவிழ்ப்பாள், அடியில் தங்கியிருப்பது எப்படி இறங்குகிறது என்று பார்ப்பாள், அதன் பிறகுதான் மூடியைத் திறப்பாள். வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்தவர் வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு என்னையும் ரெண்டு தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னா சிஸ்டர்." அக்கா சிரிக்கவில்லை. "மூணு தடவை" என்றாள்.

திருப்பிப் பார்க்கிற பழக்கம் எப்படி வந்தது என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஈரலில் நீர்க்கட்டி உள்ள ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் கறுப்பாக, வட்டமாக, சுத்தமாக ஒரு கட்டி. உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. அடக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்தாள். கருவி அவள் வயிற்றில் அப்படியே இருந்தது. அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு பொடி கிளம்பி, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கிப் படிந்தது.

"அது என்னன்னு எனக்குத் தெரியலைம்மா. மறுபடி திருப்பினேன், மறுபடி விழுந்துச்சு. அப்ப இருந்த டாக்டர்கிட்ட சொன்னேன். மிஷின் பழசு, விட்டுடுன்னாரு. எப்படி விடுறது?"

விடவில்லை. நான்கு நாள் மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி நூலகத்தில் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். ஈரலில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் தண்ணீர்ப் பைகள். பிறவியிலிருந்தே இருக்கும், தொந்தரவு கொடுக்காது, பெரிதானால் மட்டும் ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம். ஆனால் சில கட்டிகள் ஒரு புழுவின் வேலை. நாயின் குடலில் இருக்கிற சின்னஞ்சிறு நாடாப்புழு அது. அதன் முட்டை நாயின் மயிரிலிருந்தோ மண்ணிலிருந்தோ நம் கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்குப் போனால், ஈரலில் போய் உட்கார்ந்து தன்னைச் சுற்றி ஒரு நீர்ப்பை கட்டிக்கொள்ளும். மற்ற கட்டியைப் போலவே கறுப்பாக, வட்டமாக, சாதுவாகத் தெரியும். ஆனால் உள்ளே குஞ்சுப் புழுக்கள் மணல் மாதிரி அடியில் படிந்திருக்கும். ஆளைத் திருப்பினால் அந்த மணல் எழுந்து விழும்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஊசி குத்தினால்தான் ஆபத்து. வெறும் கட்டி என்றால் ஊசி போட்டு, நீரை இழுத்து, ஆல்கஹால் விட்டுக் கழுவி, மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புழுக்கட்டியில் முன்னேற்பாடு இல்லாமல் குத்தி, அந்த நீர் ஒரு சொட்டு உடம்புக்குள் கசிந்தால், சிலருக்கு உடம்பு பொங்கிவிடும். தோல் தடித்து, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும். நிமிடக் கணக்குதான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அக்கா வருகிற எல்லோரையும் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேள்வி அது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் அனுபவம் உள்ள ஆள் கிடையாது. அங்கே ஆறு படம் மட்டும் எடுத்து அனுப்பினால், எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் அதைப் பார்த்தே கட்டி எந்த வகை என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் எத்தனை பேருக்கு வீண் அலைச்சல் மிச்சம். ஈரலில் கட்டியுள்ள நூற்றைம்பது பேரைச் சேர்க்க வேண்டும். ஒருவரை ஸ்கேன் எடுக்கிறவரும், வெகு தொலைவில் இருக்கிற ஒரு டாக்டரும், அதே ஆறு படத்தை மட்டும் பார்த்துத் தனித்தனியாக முடிவு எழுத வேண்டும். இரண்டும் வெறும் கட்டி என்று சொல்லி, ரத்தப் பரிசோதனையிலும் புழு இல்லை என்று வந்துவிட்டால், ஊசி.

இதற்கென்று அறுபது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். படம் எடுக்கும்போது நோயாளி மல்லாந்துதான் படுக்க வேண்டும். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்பதைத் தவிர ஸ்கேன் எடுக்கிறவர் பேசக்கூடாது. நாய் இருக்கிறதா, ஆடு இருக்கிறதா என்று விசாரிக்கக்கூடாது. அது என் வேலை. என் கையில் இருபத்திரண்டு கேள்விகள் உள்ள தாள். நாய் உண்டு என்று அதில் வந்தால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். அச்சில் உள்ளபடியே கேட்க வேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஆளுக்கு ஆள் வேறு மாதிரி கேட்டால் பதிலும் வேறு மாதிரி வரும், கணக்கு கெட்டுவிடும். எனக்கு இந்த மாதிரி விதிகள் ரொம்பப் பிடிக்கும். யாரோடும் வாதாட வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும்.

அக்காவுக்குத்தான் கஷ்டம். முதல் வாரமே வாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியது போல இருந்தாள். மல்லாந்தே படுத்துவிட்டுப் போகிறவர்களை வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நாளில் முகம் தெளிந்தது. பழகிவிட்டாள் போல என்று நான் நினைத்தேன். என் மடத்தனம்.

ஒருநாள் ஒரு கையெழுத்துக்காகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஆய்வில் சேர்ந்திருந்த ஓர் அம்மா வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். அக்கா கருவியை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். அந்த அம்மா வெளியே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"என்னக்கா இது? எத்தனை நாளா நடக்குது?"

"ஆறு படமும் விதிப்படி எடுத்து முடிச்சுட்டேன்மா. அப்புறம்தான் திருப்பினேன். இது எனக்காக."

"உனக்காகன்னா? பாத்ததை மறந்துட்டு முடிவு எழுத முடியுமா உன்னால?"

கருவியில் இருந்த பசையைத் துடைத்தாள். "முடியாதுதான்."

"அப்ப ஆறு படத்தைப் பாத்து எழுதினதா ஆகுமா அது? தூரத்துல ஒருத்தர் கண்ணை மூடிட்டு நடக்கிற மாதிரி நடக்கிறாரு, நீ இங்க கண்ணைத் திறந்துக்கிட்டு கூடவே போற. ரெண்டு பேரையும் ஒப்பிட்டு என்ன தெரியும்?"

அவள் ஒப்புக்கொண்டாள். அதுதான் அவளிடம் எரிச்சல். சண்டைக்கு நின்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம், அவளோ சரி என்று சொல்லிவிடுவாள். இனிமேல் முடிவை ஆறு படத்தை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்றாள். திருப்பவே மாட்டேன் என்று சொல் என்றேன். "அதை மட்டும் கேக்காதே" என்றாள். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். அதுவரைக்கும் அவள் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்திருந்தாள். அத்தனையும் குப்பைக்குப் போகும். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் ஒழுங்காக எழுது, போதும் என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு லாரிக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஆள் கதவு அகலம். ஈரலில் ஆரஞ்சுப்பழம் அளவுக்குக் கட்டி. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது, ஸ்டியரிங் முன்னால் குனிந்து உட்கார முடியவில்லை. வாரக்கணக்கில் நெடுஞ்சாலையில் கிடக்கிற மனிதர். என் இருபத்திரண்டு கேள்விகளையும் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். எதற்கும் வளவள என்று பேசவில்லை. இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் போதும் என்று அன்றைக்கு நான் அக்காவிடம் புகழ்ந்தேன்.

அக்கா ஆறு படம் எடுத்தாள். வெறும் கட்டி என்று எழுதினாள். தூரத்து டாக்டரும் அப்படியே எழுதினார். ரத்தத்திலும் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசி என்று தேதி கொடுத்தேன். "மத்தியானம் வண்டி எடுக்கலாமா சிஸ்டர்?" என்றுதான் அவர் கேட்டார்.

அந்த வியாழனுக்கு முந்தின நாள் மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பசிக்கலைன்னா மூடி வை. இல்லைன்னா சாப்பிடு. என்ன விளையாட்டு இது?"

"அந்த லாரிக்காரரை அன்னைக்குத் திருப்பிப் பாத்தேன்" என்றாள். "பொடி விழுந்துச்சு."

நான் என் டப்பாவைத் தள்ளி வைத்தேன். "அப்புறம் ஏன் வெறும் கட்டின்னு எழுதின?"

"ஆறு படத்துல அது இல்லையே. படத்தை மட்டும் பாத்து எழுதுன்னு நீதானே சொன்ன. ரத்தத்துல தெரிஞ்சிடும், அங்க பிடிச்சிடுவாங்கன்னு இருந்தேன். ரிப்போர்ட்டை இன்னைக்குத்தான் பாக்கிறேன். ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு."

"அப்ப புழு இல்லைன்னுதானே அர்த்தம்?"

"புதுக் கட்டியா இருந்தா ரத்தத்துல வராமலும் போகும். நூறு தடவை பாத்திருக்கேன். அதே சமயம் அது பழைய ரத்தமாகவும் இருக்கலாம். ரத்தம் படிஞ்சிருந்தாலும் இப்படித்தான் விழும். எனக்குத் தெரியலை. அதான் சோறு இறங்கலை."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நாற்பத்தொரு பேர் அக்கா, யோசித்துப் பார் என்றேன். அவள் ஸ்கேன் எடுத்தவர்கள் அதற்குள் நாற்பத்தொரு பேர் ஆகியிருந்தார்கள்; மற்றவர்களை மாலை ஷிப்டில் ஒரு புதுப் பையன் எடுத்தான். நீ போய்ச் சொன்னால் அந்த நாற்பத்தொன்றும் போச்சு, டாக்டரின் இரண்டு வருட உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போச்சு, உன் பெயரும் போச்சு. நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்காக இத்தனையும் வேண்டுமா என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "தப்பா இருந்துட்டா நல்லதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் கூடவே போனேன்.

பெரிய டாக்டர் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் தேவலை. அக்கா ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் மேஜைமேல் இருந்த கோப்பை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை பேரைத் திருப்பினீங்க?"

"எல்லாரையும் சார். நாப்பத்தொரு பேர்."

"லாரிக்காரருக்கு இருக்கிறது புழுக்கட்டிதான்னு நிச்சயமா சொல்றீங்களா?"

"இல்லை சார். எனக்குத் தெரியாது."

"தெரியாத ஒண்ணுக்காக ரெண்டு வருச வேலையைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"தெரியாம ஊசி போட வேண்டாம்னுதான் சொல்றேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கதவருகே நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், நாளைக்கு நானே பார்க்கிறேன் என்றார்.

பார்த்தார். லாரிக்காரரை இடம், வலம், உட்காரவைத்து, மறுபடி படுக்கவைத்து. முதல் இரண்டு தடவை ஒன்றுமே விழவில்லை. மூன்றாவது தடவை லேசாகப் புகை மாதிரி ஏதோ. "இது மிஷின் மங்கலாகவும் இருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் அப்படியே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போட்டார். அந்த ஒரு வாரமும் புழுவுக்கான மாத்திரை. ஊசி போடும் அன்று மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவசர மருந்துகள் எல்லாம் மேஜையில் தயாராக இருக்க வேண்டும். அக்காவை அன்றைக்கே ஆய்விலிருந்து நீக்கினார்.

லாரிக்காரருக்கு வந்ததே கோபம். ஒரு வார லோடு போச்சு என்று என்னிடம் குதித்தார். நான் சொல்லவில்லை, அக்கா சொன்னாள் என்று கையைக் காட்டிவிட்டேன். அது என் புத்தி.

அடுத்த வியாழன் காலை அந்த மருந்துகளை நான்தான் எடுத்து அடுக்கினேன். அட்ரினலினை ஊசியில் ஏற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி, வலதுகைப் பக்கம் வைத்தேன். ஸ்டீராய்டு, சலைன், ஆக்ஸிஜன் குழாய். வெறும் தண்ணீர்க் கட்டிக்கு இத்தனை அலங்காரமா என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினேன். மயக்க மருந்து டாக்டர் வேறு, தனக்கு இரண்டு மாடி கீழே ஆபரேஷன் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீக்கப்பட்டாலும் ஸ்கேன் பார்த்து ஊசிக்கு வழி காட்ட எங்களிடம் அக்காவை விட்டால் ஆள் இல்லை. அவள் கருவியைப் பிடித்தாள், பெரிய டாக்டர் ஊசியைச் செலுத்தினார். நீர் வந்தது. மஞ்சள் இல்லை, கலங்கல் இல்லை, குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவு. நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். இதற்கா இத்தனை கூத்து என்று அர்த்தம். அவளோ அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சொட்டுகளைப் பக்கத்து அறைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வந்த பிறகுதான் அடுத்த வேலை.

"சிஸ்டர், உள்ளங்கை அரிக்குது" என்றார் லாரிக்காரர்.

பயத்தில் வரும் அரிப்பு என்று நினைத்தேன். துணியை விலக்கினால் நெஞ்சு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அடுத்த வார்த்தை அவருக்கு வரவில்லை. மூச்சு விசில் அடித்தது. மானிட்டரில் ரத்த அழுத்தம் படியிறங்குவது போல இறங்கியது. என் வலது கை போன இடத்தில் ஊசி இருந்தது. தொடையில் குத்தினேன். மயக்க மருந்து டாக்டர் ஆக்ஸிஜனை மாட்டினார், சலைனை முழு வேகத்தில் திறந்துவிட்டார். இரண்டாவது ஊசியும் போட வேண்டியிருந்தது. எட்டு நிமிடம் கழித்து அந்த மனிதர் ஒரு முழு மூச்சு இழுத்தார்.

அப்போதுதான் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. நீரில் புழுவின் தலையில் இருக்கும் கொக்கிகள் இருந்தன, உயிருள்ள குஞ்சுகளும் இருந்தன.

பிற்பாடு ஒருநாள் நான் நடந்து பார்த்தேன். சாதாரண நாளில் அவசர மருந்து வண்டி நிற்பது தாழ்வாரத்தின் மறுகோடியில். மயக்க மருந்து டாக்டர் இருப்பது இரண்டு மாடி கீழே. ஓடினாலும் ஆறு நிமிடம். அந்த மனிதருக்கு ஆறு நிமிடம் இருந்திருக்காது.

அவரை அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டிலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. கீழே போகணும், வண்டிக்குப் போகணும் என்று. புகை பிடிக்கத்தான் துடிக்கிறார் என்று நினைத்து ஒரு அதட்டல் போட்டேன்.

"அது இல்லை சிஸ்டர். அவன் உள்ள இருக்கான். மத்தியானம் வந்துடுவேன்னு ஜன்னலைக் கொஞ்சம்தான் இறக்கி வச்சிருக்கேன். தண்ணி தீந்திருக்கும்."

"யாரு?"

"நாய்."

சாவியை வாங்கிக்கொண்டு கீழே போனேன். லாரியின் சீட்டில், டிரைவர் படுக்கிற போர்வைமேல், பழுப்பு நிறத்தில் ஒரு நாய். கிழடு. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மேலே போய் அவருடைய கேள்வித்தாளை எடுத்தேன். பதினான்காவது கேள்வி. வீட்டில் நாய், பூனை, ஆடு ஏதேனும் வளர்க்கிறீர்களா? இல்லை. என் கையெழுத்து, என் டிக்.

தாளை அவர் முன்னால் நீட்டினேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, அவ்வளவு கெஞ்சலாக இருந்தது. "நாய் இல்லைன்னு சொன்னீங்களே."

"வீட்ல இல்லையே சிஸ்டர்" என்றார் அவர். "இவன் வீட்டுக்குள்ள கால் வச்சதே இல்லை. சம்சாரத்துக்குப் பிடிக்காது. பதினோரு வருசமா வண்டியிலதான் இருக்கான், என்கூட."

அக்காவிடம் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை. "ஒரே போர்வையிலயா படுப்பாங்க? அந்த நாயை யாராவது பரிசோதிச்சாங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஆள் பிழைத்தது வேறு, விதி வேறு என்றார் பெரிய டாக்டர். சரியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு நன்றியும் சொன்னார். நாற்பத்தொரு பேரின் படங்களும் ஆய்விலிருந்து நீங்கின. ஒவ்வொருவருக்கும் ஒரு விதிமீறல் படிவம் எழுதித் தர வேண்டும். அக்கா மூன்று மதிய இடைவேளையில் நாற்பத்தொன்றையும் தன் கையால் எழுதினாள். விதியை மீறிய காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. இதையெல்லாம் காரணமாக எழுதலாமா என்று கேட்டேன். வேறு காரணம் இல்லையே என்றாள்.

எனக்கும் ஒரு படிவம் வேண்டும் என்று அந்த அறுபது பக்கத்தையும் புரட்டினேன். மீறினால் என்ன எழுத வேண்டும் என்று இருக்கிறது. காலம் தவறினால், படம் குறைந்தால், கையெழுத்து விட்டுப்போனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. அச்சில் உள்ளபடியே கேட்டதற்கு ஒன்றும் இல்லை. நான் நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கேட்டிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, ஊசிக்குத் தேதி கொடுத்திருக்கிறவர்களிடம் முதலில் பேசுங்கள் என்றார். பட்டியலை எடுத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெயர், கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர்.

"வீட்ல ஒண்ணும் வளக்கலைன்னு அன்னைக்கே சொன்னேனே சிஸ்டர்" என்றார்.

"சொன்னீங்க. வீட்டை விடுங்க. வேற எங்கயாவது?"

அந்தப் பக்கம் கடிகாரங்கள் ஓடுவது கேட்டது.

"கடையில ஒரு நாய் கிடக்கும். என் காலடியிலயே படுத்திருக்கும். அதெல்லாம் கூடவா சேத்தி?"

அவருக்கு ஊசிக்குத் தேதி மறுநாள் காலை.